மூன்றாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு யாருடைய ஓட்டு?

#1 சும்மா ஒருவன்

வணக்கம். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கையில் வந்தது. இருப்பது இல்லினாயில். இனிமேல்தான் முதல் ஓட்டுப் போடப் போகிறேன்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை. பசுமைக் கட்சிக்குப் போட்டேன் என்று ஒருத்தர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மேசையே அவர் மேல் பாய்ந்துவிட்டது. "உங்களை மாதிரி ஆட்களால்தான் 2000இல் கோர் தோற்றார், 2016இல் ஹிலாரி தோற்றார்" என்று ஒரே கூச்சல். அவர் பாவம், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். அமெரிக்காவில் மூன்றாவது கட்சிகள் ஓட்டைப் பிரிக்க மட்டும்தான் இருக்கின்றனவா, வேறு வேலையும் உண்டா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

2000இல் இருந்தே தொடங்குவோம், எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். புளோரிடாவில் ஜனநாயகக் கட்சியின் கோரைக் குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97 ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பட்டியலை இன்னும் கீழே வரை படித்துப் பாருங்கள். வாக்குச்சீட்டில் பெயர் இருந்த சின்னக் கட்சி வேட்பாளர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருமே 537க்கு மேல் வாங்கினார்கள். கடைசியில் வந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரர் வாங்கியது 562. அவரும்தான் தேர்தலைக் 'கெடுத்தார்'. ஆனால் அவர் பெயரை யாராவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம் பாம் பீச் கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே கொடுத்த சீட்டு பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். பெயர்கள் இரு பக்கத்திலும், குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையாக. இடப்பக்கம் முதலில் புஷ், இரண்டாவது கோர். வலப்பக்கம் முதலில் ரிஃபார்ம் கட்சியின் பாட் புக்கானன். துளை வரிசையில் முதலாவது புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. பெயர் இரண்டாவதாக இருக்கிறதே என்று இரண்டாவது துளையைக் குத்தினால் ஓட்டு புக்கானனுக்குப் போய்விடும். யூத முதியவர்கள் நிறைய இருக்கும், புக்கானனை ஆதரிக்க வாய்ப்பே இல்லாத அந்தக் கவுண்டியில் அவருக்கு 3,400 ஓட்டு விழுந்தது. அதில் பல எனக்கு விழுந்தவை அல்ல என்று அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஆக, 537ஐக் கவிழ்க்க நேடர்கூடத் தேவையில்லை, சீட்டை வரைந்த கையே போதும்.

#3 டெக்சாஸ் வெயில்

கணக்கு சார், நேடரை இவ்வளவு சுலபமாகத் தப்பவிடாதீர்கள். புளோரிடா கூச்சலில் எல்லாரும் நியூ ஹாம்ப்ஷயரை மறந்துவிடுகிறோம். அங்கே புஷ்ஷுக்கும் கோருக்கும் இடைவெளி 7,211. நேடர் வாங்கியது 22 ஆயிரம். அந்த மாநிலத்துக்கு 4 எலக்டோரல் ஓட்டு (அதிபரை முடிவு செய்வது இவைதான், பெரும்பாலும் மாநிலத்தில் ஜெயித்தவருக்கே மொத்தமாகப் போகும்). கோர் 266இல் நின்றார். நான்கைக் கூட்டுங்கள்: 270, அதிபராக அதுவே போதும். புளோரிடாவே தேவைப்பட்டிருக்காது.

அங்கே பட்டாம்பூச்சிச் சீட்டும் கிடையாது, மறு எண்ணிக்கைச் சண்டையும் கிடையாது.

#4 செவ்வந்தி

22 ஆயிரத்தை அப்படியே தூக்கிக் கோர் மடியில் போடுகிறீர்களே, அந்த 22 ஆயிரம் பேரைக் கேட்டீர்களா? பசுமைக் கட்சி இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருப்பேன் என்பவர்களும் அதில் உண்டு, புஷ்ஷுக்குப் போட்டிருப்பேன் என்பவர்களும் உண்டு. ஓட்டு என்ன பாகப்பிரிவினைச் சொத்தா, இவன் பங்கு அவனுக்கு என்று எழுத?

1992ஐப் பாருங்கள். ராஸ் பெரோ, டெக்சாஸ் கோடீஸ்வரர், கட்சியே இல்லாத சுயேச்சை. பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஆசையைச் சொன்னார். ஜூனில் கருத்துக்கணிப்பில் அப்போதைய அதிபர் புஷ் (2000இல் நின்றவரின் அப்பா), கிளின்டன் இருவரையும் முந்தி நின்றார். ஜூலையில் திடீரென்று விலகினார். அக்டோபர் 1ஆம் தேதி திரும்பி வந்தார். சொந்தக் காசில் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வாங்கி, கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு வரைபட அட்டைகளைக் காட்டி, அரசாங்கக் கடனைப் பற்றிப் பாடம் எடுத்தார். பாட்டு இல்லை, குழந்தையை முத்தமிடும் காட்சி இல்லை, வெறும் அட்டைகள். ஜனங்கள் கோடிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள்!

முடிவில் 1 கோடியே 97 லட்சம் ஓட்டு, ஏறக்குறைய 19 விழுக்காடு. மெயினில் புஷ்ஷையே முந்தி இரண்டாம் இடம், யூட்டாவில் கிளின்டனை முந்தி இரண்டாம் இடம். எலக்டோரல் ஓட்டு எத்தனை தெரியுமா? பூஜ்யம்.

பெரோதான் புஷ்ஷின் ஓட்டைப் பிரித்துக் கிளின்டனை ஜெயிக்க வைத்தார் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில் பெரோ ஆட்களிடம் "அவர் இல்லையென்றால் யாருக்கு?" என்று கேட்டபோது பதில் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சரிசமம். 38க்கு 38.

#5 கணக்குப்பிள்ளை

செவ்வந்தி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இது பலருக்குத் தெரியாது.

2020இல், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சியின் வேட்பாளர் ஜோ ஜோர்கென்சன். ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்த இடைவெளி 11,779, ஜோர்கென்சன் வாங்கியது 62 ஆயிரம். அரிசோனாவில் இடைவெளி 10,457, அவருக்கு 51 ஆயிரம். விஸ்கான்சினில் 20,682, அவருக்கு 38 ஆயிரம். மூன்றையும் டிரம்ப் பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 269க்கு 269!

2016இல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் ஹிலாரியைக் கவிழ்த்தார் என்றால், அதே தராசில் ஜோர்கென்சன் டிரம்பைக் கவிழ்த்தார். ஒருத்தரைப் பற்றி வருடக்கணக்காகப் பேசுகிறோம், இன்னொருத்தரின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது.

#6 சும்மா ஒருவன்

269க்கு 269 வந்தால் என்ன ஆகும் சார்? மறுதேர்தலா?

#7 கணக்குப்பிள்ளை

மறுதேர்தல் கிடையாது. பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே தலைக்கு ஒரு ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. 1824இல் இப்படித்தான் நடந்தது. நான்கு பேர் நின்றார்கள், யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக ஓட்டு வாங்கியிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸைச் சபை தேர்ந்தெடுத்தது.

1968இல் ஜார்ஜ் வாலஸ் குறிவைத்ததும் இந்தச் சந்துதான். நிறவெறி பேசித் தென் மாநிலங்கள் ஐந்தை எடுத்தார், 46 எலக்டோரல் ஓட்டு. இரண்டு பெரிய கட்சியும் 270ஐத் தொடாமல் தடுத்துவிட்டால் பேரம் பேசலாம் என்பது திட்டம். நிக்சன் தாண்டிவிட்டதால் பேரம் நடக்கவில்லை. வாலஸ் 13.5 விழுக்காட்டில் 46 வாங்கினார். பெரோ 19 விழுக்காட்டில் ஒன்றும் வாங்கவில்லை.

இதைவிட அழகான உதாரணம் 1948. தென்மாநில நிறப்பாகுபாட்டுக்காரர் ஸ்ட்ராம் தர்மண்ட், இடதுசாரி ஹென்றி வாலஸ், இருவரும் ஜனநாயகக் கட்சியை உடைத்துக்கொண்டு வந்தவர்கள். தர்மண்டுக்கு சுமார் 11.7 லட்சம் ஓட்டு, ஹென்றி வாலஸுக்கு சுமார் 11.5 லட்சம். ஆளுக்கு 2.4 விழுக்காடு. தர்மண்டுக்கு 39 எலக்டோரல் ஓட்டு, ஹென்றி வாலஸுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் ஓட்டு ஒரே மூலையில் குவிந்து கிடந்தது, மற்றவர் ஓட்டு நாடு முழுக்கத் தெளித்துக் கிடந்தது. குவிந்தால்தான் இங்கே காசு.

#8 பாமரன்

எல்லாம் பி டீம் ஐயா. காசு வாங்கிக்கொண்டு நிற்பவர்கள். இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

#9 ஏரிக்கரை

பாமரன் ஐயா, எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதும் முழுப் பொய் இல்லை. 2020இல் மான்டனாவில் பசுமைக் கட்சியைச் சீட்டில் ஏற்றக் கையெழுத்து சேகரிக்கப் பணம் போட்டது குடியரசுக் கட்சி. நீதிமன்றம் பெயரை எடுத்துவிட்டது.

அதே வருடம் மயாமியில் ஒரு மாநில செனட் தொகுதி. பதவியில் இருந்தவரின் குடும்பப் பெயர் ரோட்ரிகஸ். அதே குடும்பப் பெயரில் திடீரென்று ஒரு சுயேச்சை முளைத்தார். பிரசாரமே செய்யவில்லை, ஆறாயிரத்துக்கும் மேல் ஓட்டு. பதவியில் இருந்தவர் தோற்றது 32 ஓட்டில். டம்மி ஆளை நிறுத்திக் காசு கொடுத்த முன்னாள் செனட்டர் மேல் வழக்கு நடந்து 2024இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. அதே பெயரில் ஆள் நிறுத்துவது நம் ஊர் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் அதே மாவுதான்.

சரி, என் அனுபவம். நான் மிச்சிகன். 2024 நவம்பரில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போயிருந்தேன். விடியற்காலை போய் மேசை போட்டு, இரவு எண்ணிக்கைக் காகிதத்தை ஒட்டிவிட்டு வரும் வேலை. எங்கள் சீட்டில் அதிபர் பதவிக்கு எட்டுப் பெயர்கள். அதில் ஒன்று ராபர்ட் கென்னடி ஜூனியர். அவர் ஆகஸ்ட் 23ஆம் தேதியே பிரசாரத்தை நிறுத்திவிட்டு டிரம்பை ஆதரித்தவர். என் பெயரை எடுங்கள் என்று வழக்குப் போட்டார், மிச்சிகன் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. இயற்கை விதிக் கட்சி என்று ஒரு குட்டிக் கட்சியின் வேட்பாளராகப் பெயர் அப்படியே இருந்தது.

மதியம் ஒரு பாட்டி வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு போய், பத்து நிமிடம் கழித்து மெதுவாக என்னிடம் திரும்பி வந்தார். "இவர் விலகிவிட்டார் என்று இப்போதுதான் பக்கத்தில் சொன்னார்கள், நான் இந்த வட்டத்தை நிரப்பிவிட்டேனே?" என்று கேட்டார். பழைய சீட்டை ரத்து என்று குறித்து உறையில் போட்டுப் புதுச் சீட்டு கொடுத்தோம். அவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாதவர்கள்? மிச்சிகன் முழுக்கக் கென்னடிக்கு விழுந்தது 26 ஆயிரத்துக்கும் மேல். எல்லாம் அறியாமை என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேர் மேலும் வெறுப்பு என்று வேண்டுமென்றே போட்டவர்களும் இருப்பார்கள்.

வட கரோலினாவில் இதற்கு நேர் எதிர். அங்கே நீதிமன்றம் அவர் பெயரை எடுக்கச் சொன்னது. அச்சாகியிருந்த ஏறக்குறைய 29 லட்சம் சீட்டும் குப்பைக்குப் போக, தபால் ஓட்டு அனுப்புவதே தள்ளிப்போனது.

#10 செவ்வந்தி

ஏரிக்கரை அண்ணா, நீங்கள் மிச்சிகன் என்பதால் கேட்கிறேன். டியர்பார்னில் உண்மையில் என்ன நடந்தது? ஸ்டைனால்தான் ஹாரிஸ் மிச்சிகனை இழந்தார் என்கிறார்களே.

#11 ஏரிக்கரை

கணக்குப்படி இல்லை. மிச்சிகனில் இடைவெளி 80 ஆயிரம். ஸ்டைன் மாநிலம் முழுக்க வாங்கியது 45 ஆயிரத்துக்குக் கீழே. மொத்தத்தையும் ஹாரிஸுக்குக் கொடுத்தாலும் போதாது.

ஆனால் டியர்பார்ன் தனிக் கதை. அரபு வம்சாவளியினர் பெரும்பான்மையாக இருக்கும் ஊர். 2020இல் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போட்ட ஊரில், 2024இல் டிரம்ப் முதலிடம், ஹாரிஸ் சுமார் 36 விழுக்காடு, ஸ்டைன் சுமார் 18. காசா போருக்கான பதில் அது. அங்கே பலசரக்குக் கடை வாசலில் நின்று பேசினாலே தெரியும். தங்கள் ஓட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் போட்டவர்கள் அல்ல அவர்கள். தெரிந்தே போட்டார்கள். அதை 'வீண் ஓட்டு' என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டும்.

#12 மட்டுறுத்துநர்

காசா பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே கட்சிகளோடு நிற்போம். பாமரன், பி டீம் என்று ஒரே வரியில் முடிக்காமல் கொஞ்சம் எழுதுங்கள்.

#13 பாமரன்

சரி எழுதுகிறேன். நம் ஊரில் சின்னக் கட்சி என்றால் பெரிய கட்சியோடு கூட்டணி வைக்கும், நான்கு சீட்டு வாங்கும், சட்டசபைக்குள் போய்விடும். ஓட்டை யாருக்கும் கெடுக்காமலே காரியம் நடக்கும். அமெரிக்காவில் இந்தப் பசுமைக் கட்சிக்காரர்கள் ஏன் கூட்டணி வைத்துக்கொள்வதில்லை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

#14 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, ஐயா. இதை முதல் பதிவிலேயே கேட்டிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் கூட்டணிக்கு அங்கே இடமே இல்லை. தொகுதி வேட்பாளரைக் கட்சித் தலைமை ஒதுக்குவதில்லை, பிரைமரி என்னும் முன்தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கிக் கொடுக்கத் தலைவர் கையில் சீட்டு கிடையாது.

ஆனால் வேறு மாதிரி ஒரு கூட்டணி உண்டு. ஒரே வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் இரண்டு கட்சியின் வரிசையிலும் வரும். எந்த வரிசையில் குறித்தாலும் ஓட்டு அவருக்குத்தான், ஆனால் எந்தக் கட்சி வழியாக எத்தனை வந்தது என்று தனித்தனியாக எண்ணுவார்கள். ஃப்யூஷன் என்று பெயர். நியூயார்க்கில் இன்றும் நடக்கிறது. உழைக்கும் குடும்பங்கள் கட்சி பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி ஆளையே தன் வரிசையிலும் நிறுத்தும், கன்சர்வேட்டிவ் கட்சி பெரும்பாலும் குடியரசுக் கட்சி ஆளை.

1960இல் நியூயார்க்கில் கட்சி வரிசையை மட்டும் பார்த்தால் நிக்சன் கென்னடியை முந்தியிருந்தார். லிபரல் கட்சி வரிசையில் கென்னடிக்கு வந்த 4 லட்சத்துச் சொச்சம்தான் 45 எலக்டோரல் ஓட்டையும் அவர் பக்கம் சாய்த்தது. அந்தக் கட்சிக்காரர் வந்து கதவைத் தட்டினால் கென்னடி திறக்காமல் இருக்க முடியுமா?

ஒரு காலத்தில் இது நாடு முழுக்க இருந்தது. 1890களில் விவசாயிகளின் மக்கள் கட்சி இதை வைத்துப் பல மாநிலங்களில் ஜெயித்தது. விட்டால் வளர்ந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு மாநிலமாகத் தடைச் சட்டம் போட்டார்கள். மினசோட்டாவில் ஒரு சின்னக் கட்சி வழக்குத் தொடுத்தது, 1997இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தடை செல்லும் என்றுவிட்டது. இரு கட்சி முறையின் நிலைத்தன்மையைக் காப்பதும் மாநிலத்தின் நியாயமான அக்கறையாம். படித்துவிட்டுச் சிரித்தேன்.

#15 டெக்சாஸ் வெயில்

கதவு பூட்டிய கதை என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது.

2024 மே மாதம், எங்கள் ஊர் நூலகத்து வாசல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் மடக்கு மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான், ராபர்ட் கென்னடி ஜூனியரின் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்ற. பேசிப் பார்க்கலாம் என்று போனேன். முதல் கேள்வியே "மார்ச் பிரைமரியில் ஓட்டுப் போட்டீர்களா?" போட்டேன் என்றேன். "அப்படியானால் உங்கள் கையெழுத்து செல்லாது, நன்றி" என்று பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். டெக்சாஸ் சட்டம் அது. சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 2024இல் 1,13,151 கையெழுத்து வேண்டியிருந்தது. அதுவும் பிரைமரியில் ஓட்டுப் போடாதவர்களிடம் மட்டும். அதுவும் பிரைமரி முடிந்த பிறகு இரண்டு மாதச் சொச்சத்துக்குள். அரசியலில் ஆர்வம் உள்ளவன் பிரைமரிக்குப் போயிருப்பான். ஆர்வம் இல்லாதவனை நடுத்தெருவில் நிறுத்திக் கையெழுத்து கேட்க வேண்டும். நான் நின்ற கால் மணி நேரத்தில் அந்தப் பையனுக்குக் கிடைத்தது இரண்டு.

மற்ற மாநிலங்களைக் கேளுங்கள். டென்னசியில் சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 275 கையெழுத்து போதும். கலிபோர்னியாவில் 2024இல் 2,19,403. நாடு ஒன்று, பதவி ஒன்று, கதவு மட்டும் ஐம்பது விதம். சின்னக் கட்சிக்கு வரும் நன்கொடையில் பெரும்பகுதி கையெழுத்துக்கும் வக்கீலுக்குமே போய்விடும். பிரசாரத்துக்கு என்ன மிஞ்சும்?

நேடரைத் திட்டியவன்தான் நான். ஆனால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

#16 ஏரிக்கரை

இதில் கட்சி பேதமே இல்லை. 2020இல் விஸ்கான்சினில் துணை அதிபர் வேட்பாளரின் முகவரி மாறியிருந்தது என்பதில் எழுந்த சிக்கலால் பசுமைக் கட்சி சீட்டிலேயே வரவில்லை. 2024இல் நெவாடாவில் அதே கட்சி தவறான படிவத்தைப் பயன்படுத்தியது என்று நீக்கப்பட்டது. அந்தத் தவறான படிவத்தை அனுப்பியதே மாநிலத் தேர்தல் அலுவலகம்! வழக்குப் போட்டது ஜனநாயகக் கட்சி.

#17 செவ்வந்தி

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மினசோட்டா 1998. ஜெஸ்ஸி வென்ச்சுரா, பழைய மல்யுத்த வீரர், ரிஃபார்ம் கட்சி. செப்டம்பரில் கணிப்பில் 10 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தார். ஆனால் கவர்னர் விவாத மேடைகளில் அவருக்கும் நாற்காலி போட்டார்கள். அதோடு அங்கே தேர்தல் நாளன்றே பெயர் பதிந்து ஓட்டுப் போடலாம். 37 விழுக்காட்டில் கவர்னர் ஆகிவிட்டார்!

அதிபர் விவாதத்தில் அந்த நாற்காலி கிடையாது. 1992இல் பெரோவை ஏற்றினார்கள். 1996இல் ஏற்றவில்லை. 2000இல் இருந்து கணிப்புகளில் 15 விழுக்காடு இருந்தால்தான் மேடை என்று விதி. மேடை ஏறினால்தான் 15 வரும், 15 வந்தால்தான் மேடை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

#18 சும்மா ஒருவன்

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அதிபர் தேர்தலில் ஜெயித்ததே இல்லை என்றால், ஏன்தான் நிற்கிறார்கள்?

#19 கணக்குப்பிள்ளை

சிரிக்க என்ன இருக்கிறது, தம்பி.

1892இல் மக்கள் கட்சி 22 எலக்டோரல் ஓட்டு வாங்கித் தோற்றது. வருமானம் ஏற ஏற வரி விகிதம் ஏறும் வருமான வரி, செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, எட்டு மணி நேர வேலை: இதெல்லாம் அவர்கள் ஓமாஹா மாநாட்டில் கேட்டவை. அன்றைக்குக் கிறுக்குத்தனம் என்றார்கள். 1913இல் வருமான வரிக்கும் செனட் நேரடித் தேர்தலுக்கும் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. கட்சி அதற்குள் செத்துப் போயிருந்தது. பெரிய கட்சி சின்னக் கட்சியின் ஆட்களை விழுங்கும்போது கோரிக்கையையும் சேர்த்து விழுங்குகிறது, செரிக்க இருபது வருடம் ஆகும்.

1912இல் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியை உடைத்துக்கொண்டு நின்று 27 விழுக்காடும் 88 எலக்டோரல் ஓட்டும் வாங்கினார். பதவியில் இருந்த அதிபர் டாஃப்டுக்கு வந்தது எட்டே எட்டு. நடுவில் வில்சன் 42 விழுக்காட்டில் 435ஐ அள்ளிக்கொண்டு போனார். அசல் ஓட்டுப் பிரிப்பு என்றால் அதுதான், மற்றதெல்லாம் சில்லறை. அதே தேர்தலில் சோஷலிஸ்ட் யூஜின் டெப்ஸ் 6 விழுக்காடு. 1920இல் அவர் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாங்கினார்.

#20 பாமரன்

குடியரசுக் கட்சியே ஆரம்பத்தில் மூன்றாவது கட்சிதானே? லிங்கன் ஜெயிக்கவில்லையா?

#21 கணக்குப்பிள்ளை

பாமரன் ஐயா விழித்துக்கொண்டார். பாதி சரி. 1854இல் அது தொடங்கும்போதே, அதுவரை இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றாக இருந்த விக் கட்சி அடிமை முறைச் சண்டையில் உடைந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக வந்து உட்காரவில்லை, காலியான இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தது. 1860இல் நான்கு முனைப் போட்டி, லிங்கன் 40 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே வாங்கி ஜெயித்தார்.

ஆகவே இன்றைக்குப் புதுக்கட்சி தொடங்குபவர்களிடம், 2025 ஜூலையில் 'அமெரிக்கா கட்சி' என்று அறிவித்த ஈலான் மஸ்க் உட்பட, நான் கேட்பது ஒன்றுதான். எந்த நாற்காலி காலியாக இருக்கிறது?

#22 டெக்சாஸ் வெயில்

ஒரு நடைமுறை விஷயம். விதி மாறினால் இந்தக் 'கெடுத்தான்' பேச்சே போய்விடும். மெயினில் 2010 கவர்னர் தேர்தலில் 38 விழுக்காடுகூட வாங்காத ஒருவர் ஜெயித்தார், பலமான சுயேச்சை ஒருவர் இரண்டாம் இடம். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் அங்கே விருப்ப வரிசை ஓட்டு: 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவீர்கள், கடைசியில் வந்தவர் விலக, அவர் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2016இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். 2018இல் ஒரு காங்கிரஸ் தொகுதியில் முதல் சுற்றில் முந்தியவர் கடைசியில் தோற்றார். பிறகு அலாஸ்காவும் வந்தது. 2024இல் அலாஸ்காவில் அதை ஒழிக்கக் கொண்டுவந்த தீர்மானம் ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான இடைவெளியில் தோற்றது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஆரெகன் நான்கும் இது வேண்டாம் என்றுவிட்டன. ஆக, அலை எதுவும் அடிக்கவில்லை.

ஜார்ஜியாவில் வேறு வழி. 50 விழுக்காடு இல்லையென்றால் இருவருக்கு மட்டும் மறுசுற்று. 2020 நவம்பரில் செனட்டர் பெர்டூ 88 ஆயிரம் ஓட்டு முன்னிலை. ஆனால் லிபர்டேரியன் கட்சிக்காரர் 2.3 விழுக்காடு பிடித்ததால் அவர் 49.7இல் சிக்கிக்கொண்டார். ஜனவரி மறுசுற்றில் ஒசாஃப் ஜெயித்தார், செனட்டே கைமாறியது. பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒருவரால் நடந்தது.

#23 சும்மா ஒருவன்

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு மேசையில் 562 கதையைச் சொல்லப் போகிறேன். கடைசியாக ஒன்று. நான் இருப்பது இல்லினாய். இங்கே யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரியும். அப்படியானால் பிடித்த சின்னக் கட்சிக்குப் போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

#24 செவ்வந்தி

ஒரு நஷ்டமும் இல்லை. நாடு முழுக்க 5 விழுக்காடு வந்தால் அடுத்த தேர்தலுக்கு அரசாங்க நிதி கிடைக்கும். 2000இல் நேடர் கேட்டதே அந்த 5தான், 2.7இல் நின்றுவிட்டது. அந்தத் தேர்தலில்தான் ஓட்டு மாற்றிக்கொள்ளும் வலைத்தளங்கள் முளைத்தன. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஸ்விங் மாநிலத்தில் இருக்கும் நேடர் ஆள் கோருக்குப் போடுவார், பதிலுக்குப் பத்திரமான மாநிலத்தில் இருக்கும் கோர் ஆள் நேடருக்குப் போடுவார். கலிபோர்னியா அரசு வழக்குப் போடுவோம் என்று மிரட்டி ஒரு தளத்தை மூட வைத்தது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காசு கைமாறாத வரை அது பேச்சுரிமை என்று சொன்னது.

2016இல் நானும் செய்தேன். நான் பென்சில்வேனியா, கூடப் படித்த தோழி கலிபோர்னியா. ஸ்டைனுக்குப் போட வேண்டும் என்று இருந்தவள் நான். போனில் பேசிக்கொண்டோம்: நான் ஹிலாரிக்கு, அவள் எனக்காக ஸ்டைனுக்கு. நான் சொன்னபடி போட்டேன். அன்று இரவு பென்சில்வேனியா 44 ஆயிரத்தில் டிரம்ப் பக்கம் போனது. மறுநாள் அவள் அழுதுகொண்டே பேசினாள், நானும் அழுதேன். அவள் ஸ்டைனுக்குப் போட்டாளா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருடம் ஆகியும் கேட்கவில்லை.

#25 சும்மா ஒருவன்

செவ்வந்தி அக்கா, இல்லினாயில் ஒரு நம்பகமான ஆள் கைவசம் இருக்கிறேன். 2028க்குச் சும்மா சொல்லி வைக்கிறேன்.